பெங்களூரா மாங்காயும் டெல்லி ஒப்பந்தங்களும்: நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு என்ன வந்தது?

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

வணக்கம். ஏற்றுமதி வேலையில் இருப்பவர்கள் சிலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். 2022 மே மாதம் அமீரகத்துடன் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அந்த வருடக் கடைசியில் ஆஸ்திரேலியா. 2025 ஜூலை 24இல் பிரிட்டனுடன் கையெழுத்து, அக்டோபரில் சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் போட்டது அமலானது. ஒவ்வொரு முறையும் விவசாயிக்கு லாபம் என்றுதான் செய்தி வருகிறது. ஆனால் அதே 2025 சீசனில் எங்கள் பக்கம் கூழுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் கிலோ 4, 5 ரூபாய்க்குப் போனது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இங்கே அரைக்கிற மாங்கூழ் சவூதிக்கும் ஏமனுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வரி குறைந்தால் கூழ் அதிகம் போக வேண்டும், கூழ் போனால் காய்க்கு விலை வர வேண்டும். இது எந்த இடத்தில் அறுந்து போகிறது? அரசியல் வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பல் காகிதம் (கிருஷ்ணகிரி):

அண்ணா, நான் பல வருடமாக ஏற்றுமதி ஆவண வேலைதான் பார்க்கிறேன், மாங்கூழ் டிரம்மும் கிரானைட் பிளாக்கும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வரி எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். வளைகுடா நாடுகள் ஆறுக்கும் பொதுவான சுங்க வரி பெரும்பாலான பொருளுக்கு 5 சதவீதம்தான். அமீரக ஒப்பந்தத்தால் அதிகபட்சம் மிச்சமாவது அந்த 5 சதவீதம். நகை ஏற்றுமதி செய்பவர்களுக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் அவர்கள் சரக்கின் மதிப்பு அதிகம், கப்பல் செலவு அதில் தூசு. கூழ் அப்படி இல்லை. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரம்கள், கன்டெய்னரில் இடம் தீருவதற்கு முன் எடை வரம்பு வந்துவிடும். இந்த மாதிரிச் சரக்குக்கு வரியை விடக் கப்பல் வாடகைதான் எமன். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. வாடகை ஏறியது, நாள் கூடியது, ஏமன் பக்கம் அனுப்பவே பலர் தயங்கினார்கள். எந்த ஒப்பந்தமும் இதை ஈடுகட்டாது.

இரண்டாவது, கூழ் பழம் மாதிரி அழுகிப் போகும் சரக்கு இல்லை. கிருமி நீக்கிப் பையில் அடைத்தால் ஒன்றரை வருடம் தாங்கும், டின்னில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். போன சீசன் கூழ் ஃபேக்டரி கிடங்கில் விற்காமல் நின்றால், இந்த சீசனில் ஃபேக்டரிக்காரர் காய் வாங்க ஏன் அவசரப்படப் போகிறார்? கூழுக்குக் கொடுத்த வங்கிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் ஊரில் ஜூன் மாத விலையை முடிவு செய்வதில், போன வருடம் அனுப்பாமல் நின்ற டிரம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2025இல் விளைச்சலும் அதிகம், பழைய இருப்பும் அதிகம்.

மூன்றாவதுதான் எனக்கு ஆத்திரம் வருகிற இடம். அந்த சீசனில் ஆந்திரா கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. 8 ரூபாய் ஃபேக்டரி கொடுக்க வேண்டும், 4 ரூபாய் அரசு கொடுக்கும். தங்கள் விவசாயிக்கு அது சேர வேண்டும் என்பதற்காக ஜூன் முதல் வாரத்தில் சித்தூர் மாவட்டத்துக்குள் வெளி மாநிலப் பெங்களூரா காய் நுழையக் கூடாது என்று தடையும் போட்டார்கள். நம் பர்கூர், வேப்பனப்பள்ளி பக்கத்துக் காய்க்குச் சித்தூர் ஃபேக்டரிகள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். அபுதாபிக்கு வரியில்லாமல் கூழ் அனுப்பலாம், ஆந்திர எல்லையில் இருக்கிற குப்பத்தைத் தாண்டிக் காய் அனுப்ப முடியவில்லை. கர்நாடக விவசாயிக்கு, விலை விழும்போது அரசு கைகொடுக்கும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 1616 ரூபாய் கணக்கில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. நடுவில் மாட்டியது நாம்.

பாகலூர் ரோஜா:

கப்பல் காகிதம் சார் சொன்னது மாம்பழத்துக்குச் சரி. பூவுக்குக் கதை வேறு, வரியும் முக்கியம்தான்.

எங்களுடையது பசுமைக்குடில், ரோஜா. காதலர் தினத்துக்கு முன்னால் ஓசூர் பக்கத்துப் பூ மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா என்று பெங்களூரிலிருந்து விமானம் ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெட்டுப்பூ ரோஜாவுக்கு வழக்கமான வரி குளிர்காலத்தில் 8.5 சதவீதம், ஜூன் முதல் அக்டோபர் வரை 12 சதவீதம். அதே சந்தையில் கென்யாவும் எத்தியோப்பியாவும் வரியே இல்லாமல் நுழைகின்றன. அவர்கள் மலை உயரமும் பகல் வெயிலும் ரோஜாவுக்கென்றே படைத்தது போல இருக்கின்றன, விமானத் தூரமும் குறைவு. இதில் 8.5 சதவீதம் எங்கள் தலையில் மட்டும் என்றால் எப்படிப் போட்டியிடுவது? ஐரோப்பிய ஒன்றியத்துடன் வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று 2026 ஜனவரியில் அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஆஸ்திரேலியாவைப் பார்த்த பிறகு அளவோடுதான் சந்தோஷப்படுகிறேன். அந்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் அமலில் இருக்கிறது. ரோஜாக் காம்பை மண்ணில் நட்டால் துளிர்க்கும் இல்லையா, அப்படித் துளிர்த்து நோயோ பூச்சியோ பரவக் கூடாது என்று, காம்பைக் களைக்கொல்லி கரைத்த தண்ணீரில் குறித்த நேரம் ஊறவைத்து உயிரைப் போக்கித்தான் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டும். கிளைபோசேட், வரப்பில் புல் சாக அடிக்கிறோமே அதே மருந்து. மருந்து காம்பில் கொஞ்சம் மேலே ஏறினால் இதழ் ஓரம் கருகும், கொஞ்சம் குறைந்தால் அங்கே ஆய்வில் மாட்டும். பூ குவளையில் நிற்கும் நாளும் குறையும். இந்த விதியை எந்த வரிச் சலுகையும் தொடவில்லை. அவர்கள் நாட்டு மண்ணை அவர்கள் காக்கிறார்கள், அதில் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தப் பேச்சில் நம் அதிகாரிகள் வரி விகிதத்துக்குப் போராடுகிற அளவுக்கு இந்த மாதிரி நடைமுறைக்கும் போராட வேண்டும்.

பென்னாகரம் வாசி:

நான் விவசாயியும் இல்லை, ஏற்றுமதிக்காரனும் இல்லை. ஏற்றுமதி கூடுவது எப்போதும் நல்லது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 2023 ஜூலை 20இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு ஏற்றுமதித் தடை போட்டார்கள், புழுங்கல் அரிசிக்கு ஆகஸ்டில் 20 சதவீத ஏற்றுமதி வரி. வெங்காயத்துக்கு அதே ஆகஸ்டில் 40 சதவீதம், டிசம்பரில் முழுத் தடை. எங்கள் ஊரில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வாரக் கூலியில் முதலில் போவது அரிசி, வெங்காயம், எண்ணெய். விலை எகிறும்போது அரசு கதவைச் சாத்தினால் அவர்களுக்கு அது நன்மைதானே? வெளிநாட்டுக்காரன் அதிக விலை தருகிறான் என்று எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிவிட்டால் இங்கே சாப்பிடுவது யார்?

பாலக்கோடு தக்காளி:

பென்னாகரத்துத் தம்பி, உங்கள் கவலை நியாயம். நானும் கடையில்தான் அரிசி வாங்குகிறேன். ஆனால் கதவு ஒரு பக்கம் மட்டும் சாத்துகிறதே, அதைக் கவனித்தீர்களா?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் பல வருடத்துக்குப் பிறகு விவசாயி கையில் நாலு காசு பார்த்தார். உடனே மத்திய அரசு மானிய விலையில் நகரங்களில் விற்றது, ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து தக்காளி வரவழைத்தது. சரி, சாப்பிடுகிறவர்களுக்காகச் செய்தார்கள். ஆனால் கிலோ 3 ரூபாய்க்கு விழும்போது, பறிக்காமல் டிராக்டர் விட்டு உழும்போது, அதே வேகத்தில் யார் வருகிறார்கள்? விலை ஏறும்போது குறுக்கிடுகிற அரசு, இறங்கும்போதும் குறுக்கிட வேண்டும். விவசாயி ஐந்து வருடத்தில் நாலு வருடம் நஷ்டத்தைத் தாங்குவதே அந்த ஒரு வருட விலைக்காகத்தான், அந்த ஒரு வருடத்தையும் பிடுங்கிக்கொண்டால் அவர் அடுத்த வருடம் ஏன் நட வேண்டும்?

கப்பல் காகிதம் (கிருஷ்ணகிரி):

பாலக்கோடு அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடை போடுவதை விடத் தடை போடும் முறைதான் வியாபாரத்தைக் கொல்கிறது. கோதுமைக்கு 2022 மே 13ஆம் தேதி அறிவிப்பு, அன்றிலிருந்தே தடை. வெங்காயத்துக்கு என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி, அக்டோபர் கடைசியில் டன்னுக்குக் குறைந்தபட்சம் 800 டாலர் என்ற விலை வரம்பு, டிசம்பர் 8 முதல் தடை, மார்ச் வரை என்று சொல்லி அப்புறம் நீட்டிப்பு, 2024 மே 4இல் தடை நீங்கி 550 டாலர் வரம்பும் 40 சதவீத வரியும், செப்டம்பரில் வரம்பு போய் வரி 20, கடைசியில் 2025 ஏப்ரல் 1இல்தான் வரி முழுதாக நீங்கியது. இரண்டு வருடத்துக்குள் இத்தனை மாற்றம். கொழும்பிலும் டாக்காவிலும் துபாயிலும் உட்கார்ந்திருக்கிற வாங்குநர் என்ன செய்வார்? பாகிஸ்தான், சீனா, எகிப்து என்று வேறு ஆளைத் தேடிக்கொள்வார். தேடிக்கொண்டவர் நம் கதவு திறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி வருவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அந்த நாட்டு வரிக்குத்தான் உறுதி கொடுக்கிறது. நம் பக்கத்துக் கதவு நாளைக்கும் திறந்திருக்குமா என்பதற்கு நம் விவசாயிக்கு யாரும் உறுதி கொடுப்பதில்லை. தடை வேண்டுமென்றால் போடட்டும், ஆனால் இன்ன இருப்புக்குக் கீழே போனால், இன்ன விலைக்கு மேலே போனால், இன்ன வரி தானாக வரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். கணக்குப் போட்டு நடலாம், கணக்குப் போட்டு விற்கலாம்.

பென்னாகரம் வாசி:

முன்கூட்டியே எழுதிவைப்பது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடையே கூடாது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓசூர் சி.என்.சி.:

எல்லோரும் காய்கறி பேசுகிறீர்கள், எங்கள் சிப்காட் பக்கமும் வாருங்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்றால் நாம் போடுவது மட்டும் இல்லை, அடுத்த நாடு போடுவதும் நம் ஊர் ஷிஃப்டை நிறுத்தும்.

2025 ஏப்ரல் 4இல் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்குள் இருக்கிற காந்தத்தில் முக்கியமான அரிய மண் தனிமம் நியோடிமியம், அது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சூட்டில் காந்த சக்தி குறையாமல் இருக்கக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள், அவை பட்டியலில் இருக்கின்றன. அந்தத் துளியால் காந்தம் முழுவதும் மாட்டிக்கொண்டது. ஆயுதத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று இறுதிப் பயனர் சான்று, அதற்கு இங்கே அதிகாரிகள் ஒப்புதல், அப்புறம் அங்கே அனுமதிக்குக் காத்திருப்பு. ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் எத்தனை பேர் வேலை மின் வண்டியை நம்பி இருக்கிறது என்று யோசியுங்கள். காந்தம் உள்நாட்டிலேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது, நல்ல விஷயம், ஆனால் ஆலை எழுந்து காந்தம் வெளியே வர வருடங்கள் ஆகும்.

இன்னொன்று, நம் நாட்டுச் சட்டமே பற்றி. விமானப் பாகம், துல்லியப் பாகம் செய்கிற சின்ன ஒர்க்‌ஷாப்காரர்கள் ஸ்கோமெட் பட்டியலை அவசியம் படியுங்கள். சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் இரண்டுக்கும் பயன்படக்கூடிய பொருள், இயந்திரம், தொழில்நுட்பம் எல்லாம் அதில் வரும், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது. பாகத்தை மட்டும் இல்லை, அதன் வரைபடத்தை வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியாகக் கணக்காகலாம். சட்டத்தை மீறினால் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் போட வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் சரக்கைப் பெட்டி கட்டி வண்டியில் ஏற்றிய பிறகுதான் இந்தக் கேள்வியே எழுந்தது, வாங்குநர் காத்திருந்து பார்த்துவிட்டு ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார். விலை பேசும்போதே பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

ஜெகதேவி கல்:

கிரானைட் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நம் பாரடைசோ கல் உலகம் முழுவதும் சமையல் மேடையாகவும் கல்லறைக் கல்லாகவும் கிடக்கிறது. வெட்டிய பிளாக்கை அப்படியே அனுப்பினால் எந்த நாடும் ஆவலோடு வாங்கும். அறுத்து, மெருகேற்றி, அளவு போட்டு அனுப்பினால்தான் நம் ஆளுக்கு வேலை, நமக்கு லாபம். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், 27ஆம் தேதி இன்னொரு 25, மொத்தம் 50 என்று ஏற்றியபோது அடி வாங்கியது இந்த மெருகேற்றுகிற யூனிட்கள்தான். விகிதம் அப்புறம் மாறினாலும், அந்த மாதங்களில் பாலிஷ் லைனில் நின்ற பையன்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், அவர்களைத் திரும்பக் கூட்டி வருவது சுலபம் இல்லை. அமெரிக்க வாங்குநர் வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார், ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, வேறு வழி?

தேன்கனிக்கோட்டை கெர்கின்:

நம் பக்கத்துக் கெர்கின் வெள்ளரிப் பிஞ்சை நாமே சாப்பிடுவதில்லை, மண்டியிலும் விலை கிடையாது, முழுவதும் ஏற்றுமதிக்குத்தான். கம்பெனிக்காரர் விதை, மருந்து எல்லாம் கொடுத்து, காய் அளவு வாரியாக விலை பேசி, தொண்ணூறு நாள் பயிரை எடுத்துக்கொள்வார். இந்தியா இதில் உலகிலேயே பெரிய ஏற்றுமதியாளர் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2022இல் அறிவித்தது.

தோப்புக்கார அண்ணாவுக்கு நான் சொல்ல விரும்புவது, விதைக்கும் முன்பே விலை தெரிகிறது என்பதுதான் இதில் நிம்மதி. ஆனால் மருந்து விஷயத்தில் கொஞ்சம் பிசகினாலும் லாட் முழுவதும் போச்சு. ஐரோப்பாவில் ஒரு மருந்துக்கு எச்ச வரம்பு தனியாகக் குறிக்கப்படவில்லை என்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. பக்கத்து நிலத்தில் தக்காளிக்கு அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே பரிசோதனையில் காட்டிவிடும். எங்கள் ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது, அவர் அந்த மருந்தைத் தொடவே இல்லை, காய் திரும்பி வந்தது, பணமும் வரவில்லை. ஒப்பந்தம் எழுதும்போது அந்த ஆபத்து யார் தலையில் என்று ஒரு வாசகம் இருக்க வேண்டும், அதை யாரும் எழுதுவதில்லை.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. எனக்குப் புரிந்தவரை, வரி என்பது கடைசிக் கதவு, அதற்கு முன்னால் நாலு கதவு எங்களுக்குச் சாத்தியே கிடக்கிறது. இப்போது நேரடிக் கேள்வி. எங்கள் ஊரில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. காயை ஃபேக்டரி வாசலில் கொட்டிவிட்டு வருவதற்குப் பதில் நாங்களே கூழாக்கி அனுப்ப முடியுமா? ஃபேக்டரி கட்டும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லை.

கப்பல் காகிதம் (கிருஷ்ணகிரி):

முடியும் அண்ணா, ஃபேக்டரி கட்ட வேண்டாம். உங்கள் காயைக் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் ஃபேக்டரியைப் பிடியுங்கள், பழைய இருப்பு குறைவாக உள்ள வருடத்தில் ஃபேக்டரி தனக்கே அரைத்துக்கொள்ளும், இடம் கிடைப்பது கஷ்டம், மிதமான வருடத்தில் கிடைக்கும். கூழ் உங்கள் பெயரில் நிற்க வேண்டும். வாங்குநர் கேட்கும் உணவுப் பாதுகாப்புச் சான்றும், வளைகுடா என்றால் ஹலால் சான்றும் அந்த ஃபேக்டரிக்கு இருக்கிறதா என்று கூலி பேசும் முன்பே பாருங்கள், இல்லாத இடத்தில் அரைத்தால் அந்த டிரம்மை உள்நாட்டில்தான் விற்க வேண்டி வரும்.

காகித வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனில் ஒரு நாளில் வந்துவிடும், ஆனால் வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும், நிறையப் பேர் இதை மறந்து சீசன் நடுவில் முடங்கிப்போகிறார்கள். வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபிடாவில் பதிவு, வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் வங்கிக் கிளையின் ஏ.டி. குறியீட்டு எண்ணைத் துறைமுகத்தில் பதிவது, ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப உறுதிப் பத்திரம். அப்புறம் நீங்கள் கேட்ட ஒப்பந்தச் சலுகை, அதற்குச் சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் மூலச் சான்று வேண்டும். ஓசூர்க்காரர்கள் இறக்குமதிக் கம்பியில் பாகம் செய்தால் தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளுக்கு அனுப்பும்போது, 35 சதவீத மதிப்பாவது இந்தியாவிலோ அந்த நாடுகளிலோ சேர்ந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும், உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, இந்திய மண்ணில் விளைந்த காய், இந்தியாவில் அரைத்த கூழ், முழுவதும் இந்தியச் சரக்கு. ஆனால் காய் எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்ற பதிவேடு இருக்க வேண்டும். சர்வே எண், ரகம், பறித்த தேதி, அடித்த மருந்து. இதை இந்தப் பூப் பருவத்திலேயே ஆரம்பியுங்கள், காய் வந்த பிறகு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் வருடமே கன்டெய்னர் கன்டெய்னராக யோசிக்காதீர்கள். ஒரே ஒரு கன்டெய்னர், ஏற்கனவே அனுப்புகிற ஒரு வணிக ஏற்றுமதியாளர் மூலமாக, பணத்துக்கு ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீட்டோடு. கடனுக்குச் சரக்குக் கேட்கிற புது வாங்குநருக்கு எவ்வளவு நல்ல விலை சொன்னாலும் காப்பீடு இல்லாமல் அனுப்பாதீர்கள்.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

பதிவேட்டு மாதிரி ஒன்று இருந்தால் இங்கேயே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் கூட்டம் இருக்கிறது, அங்கேயே பேசி முடிவெடுக்கிறோம். கெர்கின் நண்பர் சொன்ன, ஆபத்து யார் தலையில் என்ற அந்த வாசகத்தையும் கூலி ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கப் போகிறேன்.

கப்பல் காகிதம் (கிருஷ்ணகிரி):

இன்று இரவு போடுகிறேன். பக்கத்து நிலத்தில் அடிக்கும் மருந்தையும் குறிக்க ஒரு கட்டம் சேர்த்துவிடுகிறேன்.